இசை தெரியாத பெற்றோர் பிள்ளையின் பியானோ பயிற்சிக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி இதுதான்: எட்டு வயது மகள் ஆறு மாதமாகப் பியானோ கற்கிறாள். வாரம் ஒரு வகுப்பு. பெற்றோர் இருவருக்கும் இசை தெரியாது. வகுப்புக்கு ஆசையாகப் போகிறாள். வீட்டில் “போய் வாசி” என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறாள், கடிந்துகொண்டால் அழுகிறாள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவர்களுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. இதில் நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன ஒரு செய்தி இருக்கிறது. அவளுக்கு வகுப்பு பிடித்திருக்கிறது. அப்படியானால் பியானோவும் பிடித்திருக்கிறது. பிடிக்காதது, வீட்டில் அதன் முன்னால் தனியாக உட்காருவது.

வகுப்பில் அரை மணி நேரம் நாங்கள் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். எங்கே நிறுத்துவது, எதைத் திரும்ப வாசிப்பது, எவ்வளவு மெதுவாக, எந்தக் கை முதலில், எப்போது போதும் என்று விடுவது என நொடிக்கு நொடி முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறோம். வாசிப்பவள் அவள், முடிவுகள் எங்களுடையவை. வீட்டுக்கு வந்ததும் அந்த முடிவுகளை எடுக்க அருகில் ஆள் இல்லை. “பயிற்சி செய்” என்று நீங்கள் சொல்லும்போது, எப்படிச் செய்வதென்று யாரும் கற்றுத்தராத ஒரு வேலையைத்தான் அவளிடம் கொடுக்கிறீர்கள். அதனால் அவள் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்கிறாள். பாடலை முதலிலிருந்து வாசிக்கிறாள். தடுக்குகிறது. மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறாள். அதே இடத்தில் தடுக்குகிறது. நான்காவது முறை எழுந்துவிடுகிறாள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் எழுந்துவிடுவேன்.

வாசிப்பது வேறு, பயிற்சி செய்வது வேறு. இந்த வேறுபாட்டை வீட்டில் பிடித்துக்கொடுப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. அதற்கு இசை தெரிய வேண்டியதில்லை. காது கேட்க வேண்டும், பொறுமை வேண்டும், கையில் ஒரு பென்சில் வேண்டும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். என் மாணவி ஒருத்தியின் அம்மா, உங்களைப் போலவே இசை அறியாதவர், வகுப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, “உங்கள் மகள் வீட்டில் வாசிப்பதைப் போல இங்கே வாசிக்கட்டும். எந்தப் பாரை எத்தனை முறை வாசிக்கிறாள் என்று கோடு போட்டு எண்ணுங்கள்” என்றேன். இசைத்தாளில் ஐந்து கோடுகளைக் குறுக்கே வெட்டி நிற்கும் செங்குத்துக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் இரண்டுக்கு இடைப்பட்ட பகுதிதான் ஒரு பார். எட்டுப் பார் கொண்ட சிறிய பாடல் அது. ஐந்தாவது பாரில் அவள் தடுக்கினாள், முதலுக்குத் திரும்பினாள். பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தோம். முதல் பாருக்கு நேரே ஒன்பது கோடுகள். ஐந்தாவது பாருக்கு நேரே தடுக்காமல் வாசித்ததற்கு ஒரே ஒரு கோடு. எட்டாவது பாருக்கும் ஒன்றுதான். நன்றாகத் தெரிந்த இடத்தை ஒன்பது முறையும், தெரியாத இடத்தை ஒரே முறையும் வாசித்திருக்கிறாள். அந்த அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “தினமும் இருபது நிமிடம் வாசிக்கிறாளே, ஏன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

பிறகு அந்த ஐந்தாவது பாரை மட்டும் பார்த்தோம். உண்மையில் தவறு அங்கே நடக்கவில்லை. பியானோவில் விரல்களுக்கு எண் உண்டு. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. இரண்டு கைக்கும் அப்படித்தான். மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். நான்காவது பாரில் வலது கை சி, டி, இ, எஃப் என்று ஏறுகிறது. ஐந்தாவதில் ஜி, ஏ என்று அதற்கும் மேலே போகிறது. அவள் 1, 2, 3, 4 என்று வரிசையாக விரலை வைத்து எஃப்-க்கு வந்தாள். ஜி-க்குச் சுண்டுவிரல். அடுத்து ஏ-வுக்குக் கையில் விரல் மிச்சமில்லை. கை தவித்தது, நின்றது. இசைத்தாளில் எஃப்-க்கு மேலே ‘1’ என்று சின்னதாக அச்சாகியிருந்தது. அதாவது இ-யை நடுவிரலால் வாசித்ததும், அந்த விரலுக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து எஃப்-ஐ வாசிக்க வேண்டும். அப்படிச் செய்தால் மேலே போக இன்னும் நான்கு விரல்கள் கிடைக்கும். தடுக்கியது ஐந்தாவது பாரில், தவறிய விரல் நான்காவது பாரில்.

பிள்ளை ஓரிடத்தில் திரும்பத் திரும்ப நின்றால், அந்தச் சுரத்துக்கு ஒன்றிரண்டு சுரம் முன்னால் என்ன விரல் வைக்கிறாள் என்று பாருங்கள். தாளில் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா? இதைச் சரிபார்க்க ஒன்று முதல் ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். விரல் எண் ஒன்றும் அச்சகத்தார் இட்ட அலங்காரம் அல்ல. ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக், 1720-ஆம் ஆண்டு தன் ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமனுக்காக ஒரு பாட நோட்டைத் தொடங்கினார். அதன் தொடக்கத்திலேயே, எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண்ணிட்ட ஒரு சிறு துண்டை எழுதி வைத்தார். தந்தையாக அவர் முதலில் கவலைப்பட்ட விஷயங்களில் ஒன்று இது.

சரி, அந்தச் சிறுமிக்கு என்ன செய்தோம்? ‘1’-ஐப் பென்சிலால் வட்டமிட்டோம். நான்காவது பாரையும் ஐந்தாவது பாரையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். வலது கை மட்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் இடையில் யோசிக்க நேரம் கிடைக்கும் அளவுக்கு மெதுவாக. பியானோவின் இடப்பக்கம் மூன்று சட்டைப் பொத்தான்களை வைத்தேன். ஒரு முறை சரியாக வந்தால் ஒரு பொத்தான் வலப்பக்கம் போகும். தவறினால் பொத்தான் இருந்த இடத்திலேயே இருக்கும், அவ்வளவுதான். தவறினால் எல்லாப் பொத்தானும் திரும்ப வர வேண்டும் என்று சிலர் விதி வைப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டாம். மூன்றாவது பொத்தானில் கை நடுங்கும், நடுங்கினால் தவறும், தவறினால் அழுகை வரும். மூன்று பொத்தான்களும் நகர நான்கு நிமிடம் கூட ஆகவில்லை. அதன் பிறகு மூன்றாவது பாரிலிருந்து ஆறாவது பார் வரை ஒட்டவைத்தோம். இந்த ஒட்டவைக்கும் வேலை முக்கியம். துண்டாக நன்றாக வந்த இடம், முன்பின் சேரும்போது மறுபடி தடுக்கும். அதற்குத் தனியாக இரண்டு மூன்று முறை தேவை. கடைசியாக, அன்றைக்கு ஒரே முறை, முழுப் பாடல்.

இந்த வழி சிறுவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2009-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பியானோவையே முதன்மைப் பாடமாகப் படித்த 17 பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கடினமான ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொல்லி, மறுநாள் வாசிக்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் பயிற்சி செய்தார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் எவ்வளவு நன்றாக வாசித்தார்கள் என்பதற்கும் தொடர்பு காணவில்லை. மிக நன்றாக வாசித்தவர்கள் பயிற்சியின்போது தவறு செய்யாதவர்களும் அல்லர். தவறு எங்கே என்பதைத் துல்லியமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தை நிலையாகச் சரியாக வரும்வரை விடாமல் கவனித்தவர்கள் அவர்கள். தேர்ந்தவர்களுக்கே அப்படியென்றால், எட்டு வயதுப் பிள்ளையிடம் “அரை மணி நேரம் ஆகட்டும், அதற்குப் பிறகு எழுந்திரு” என்று கடிகாரத்தைக் காட்டுவதில் என்ன பயன்?

மெதுவாக வாசிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் முதலில் கைவிடப்படுவது இதுதான். சித்திரமும் கைப்பழக்கம் என்று நாம் நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறோம். ஆனால் தவறும் கைப்பழக்கமாகும். எஃப்-க்கு நான்காவது விரலைப் பத்து முறை வைத்தால், பதினோராவது முறை அந்த விரல் கேட்காமலேயே அங்கே போய் நிற்கும். சரி எது, தவறு எது என்று கைக்குத் தெரியாது. எது அதிக முறை நடந்ததோ அதையே அது கற்றுக்கொள்ளும். அதனால் தவறு நடக்க வாய்ப்பில்லாத வேகம் எதுவோ அதுவே பயிற்சிக்கு உரிய வேகம். பிள்ளைகளுக்கு “மெதுவாக” என்ற சொல் போதாது. அவர்களுடைய மெதுவும் நம்முடைய மெதுவும் வேறு. “ஆமை நடப்பது போல” என்று சொல்லலாம். அல்லது ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் விரல் எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று’ என்று சொல்லிக்கொண்டே யாராலும் வேகமாக வாசிக்க முடியாது, வேகம் தானாகக் குறையும். இரண்டு கைகளையும் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு கையும் தனித்தனியே ஓரளவு வந்திருக்க வேண்டும். சீரான இடைவெளியில் டிக் டிக் என்று ஒலித்துத் தாளத்தைக் காட்டும் மெட்ரோனோம் நல்ல கருவிதான். யோஹான் மெல்ட்சல் என்பவர் 1815-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற நாள் முதல் இசை கற்பவர்களின் மேசையில் இருந்துவருகிறது. ஆனால் சுரங்களையே இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதன் டிக் டிக் ஒலி துரத்துவது போல இருக்கும். அந்தக் கட்டத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கைதட்டினாலே போதும். உங்கள் கை அவளுக்காகக் காத்திருக்கும், மெட்ரோனோம் காத்திருக்காது.

நேரம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஐந்தாறு வயதில் பத்து நிமிடம், ஏழு முதல் ஒன்பது வயது வரை பதினைந்து முதல் இருபது நிமிடம், அதற்கு மேல் பாடத்தின் கனத்தைப் பொறுத்து அரை மணி. இது என் அனுபவத்தில் வந்த கணக்கு. உங்கள் ஆசிரியர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஒரே மூச்சில் இருபது நிமிடத்தைவிட, காலையில் பத்து, மாலையில் பத்து என்று பிரிப்பது நல்லது. இடையில் மறந்து மறுபடி நினைவுக்குக் கொண்டுவருவதும் கற்றலின் ஒரு பகுதி. “ஆறு மணிக்கு” என்று வைக்காமல், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு பயிற்சியைக் கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும், அல்லது பள்ளிப் பையை இறக்கி முகம் கழுவியதும். அப்படிச் செய்தால் ‘இன்று வாசிக்க வேண்டுமா’ என்ற பேரமே எழாது.

வாரத்தின் எல்லா நாளும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. மிக மதிப்புள்ளது வகுப்பு நடந்த அதே நாள். ஆசிரியர் காட்டியது காதிலும் கையிலும் இன்னும் சூடாக இருக்கும், ஏழு நிமிடம் போதும், அது பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான வீடுகளில் அன்றைக்குத்தான் “இன்று வகுப்பு முடிந்துவிட்டதே” என்று ஓய்வு கொடுக்கிறார்கள். மூன்று நாள் கழித்து உட்காரும்போது பாதி மறந்திருக்கும், மீதியைத் தவறாக நினைவில் வைத்திருப்பாள். வகுப்புக்கு முந்தைய இரவு ஒரு மணி நேரம் உட்கார வைப்பதால் கிடைப்பது மிகக் குறைவு. அந்த அவசரத்தில் பதிந்த தவறுகளைக் களையவே எங்களுக்கு வகுப்பு சரியாக இருக்கும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. முழுப் பியானோவுக்கு 88 கட்டைகள், வெள்ளை 52, கறுப்பு 36. 1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய இந்தக் கருவிக்கு ‘மெல்லவும் பலமாகவும்’ என்ற பொருளில்தான் பெயரே அமைந்தது. விரல் அழுத்தும் விதத்துக்கேற்ப ஒலி மாற வேண்டும் என்பதுதான் அதன் உயிர். அதனால் எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒரே ஒலி தரும் கீபோர்டில் ஒரு பிள்ளை பியானோ கற்க முடியாது. தொடக்கத்தில் 61 கட்டைகள் உள்ள கீபோர்டு போதும், ஆனால் அழுத்தத்தை உணரும் வகையாக இருக்கட்டும். முதல் ஆண்டு முடிந்து அவள் தொடர்வாள் என்று தெரிந்தால், கட்டைகளில் எடை உள்ள டிஜிட்டல் பியானோவுக்கு மாறுங்கள். எடையில்லாத கட்டையில் பழகிய விரல், வகுப்பில் நிஜப் பியானோவைத் தொட்டதும் தள்ளாடும். “வீட்டில் நன்றாக வந்ததே” என்று பிள்ளை சொல்வது பல முறை உண்மை. நிஜப் பியானோவே வீட்டில் இருந்தால், உள்ளே 200-க்கும் மேற்பட்ட கம்பிகள் இழுபட்டு நிற்கின்றன, ஈரப்பதம் மாறும்போது சுருதியும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை டியூனிங் செய்வது நல்லது. சுருதி விலகிய பியானோவில் வளரும் காதுக்கு அதுவே சரியென்று படிந்துவிடும்.

உட்காரும் விதம் இதைவிட முக்கியம், செலவும் இல்லாதது. பெரியவர்களுக்கான இருக்கையில் எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் முழங்கை கட்டைகளுக்குக் கீழே தொங்கும், தோள் மேலே ஏறும், கால் அந்தரத்தில் ஆடும். பத்து நிமிடத்தில் முதுகு வலிக்கும், எழுந்துவிடுவாள். நீங்கள் அதை அக்கறையின்மை என்று நினைப்பீர்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி இருக்கையில் கெட்டியான ஏதாவது ஒன்றைப் போடுங்கள். பாதம் முழுதாக ஊன்ற ஒரு பலகை வையுங்கள். தாள் மேல் வெளிச்சம் விழ வேண்டும். உங்கள் மகள் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே அவள் கால்களைப் பாருங்கள்.

பியானோவை மூடிய அறையில் வைக்காதீர்கள். தொலைக்காட்சிக்கு எதிரிலும் வேண்டாம். வீட்டில் யாராவது நடமாடும், ஆனால் சத்தமில்லாத இடம் நல்லது. ஹெட்போன் ஒரு வசதிதான், ஆனால் எப்போதும் ஹெட்போனோடு வாசிக்கும் பிள்ளையின் இசையை வீட்டில் யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காத இசையை ஒரு பிள்ளை எத்தனை நாள் வாசிப்பாள்?

இனி, நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பது. இதில் நானே செய்த பிழையைச் சொல்கிறேன். என் மகன் சிறுவனாக இருந்தபோது அவன் முன்னறையில் வாசிப்பான், நான் சமையலறையில் இருப்பேன். காது பழகியது அல்லவா, தவறு வந்த நொடியே “எஃப் ஷார்ப்!” என்று, எஃப்-க்கு வலப்பக்கம் உள்ள கறுப்புக் கட்டையைச் சொல்லிக் குரல் கொடுப்பேன். உதவி செய்வதாகவே நம்பினேன். சில வாரங்களில் அவன் வாசிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கட்டைகளைத் தொட்டும் தொடாமலும் வாசித்தான். ஒரு நாள் காரணம் கேட்டேன். “உனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அம்மா” என்றான். அன்றிலிருந்து அடுத்த அறையிலிருந்து ஒரு சொல்லும் நான் சொன்னதில்லை. தவறு நடந்தது பெரும்பாலும் வாசிப்பவருக்கே தெரியும். அதைத் தானே பிடித்துத் திருத்த இரண்டு நொடி தேவை, அந்த இரண்டு நொடியை நான் பறித்துக்கொண்டிருந்தேன்.

அருகில் உட்காருங்கள், வாய் திறக்கும் முன் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு கேளுங்கள்: “இன்று எந்த இடம் படுத்துகிறது?” அவள் காட்டுவாள். “அதற்கு முந்தைய பாரிலிருந்து எடுக்கலாமா? எந்தக் கை முதலில்?” முடிவை அவள் எடுக்கட்டும். ஒரு மாதம் இப்படிப் போனால், அதே கேள்விகளை அவள் தனக்குத் தானே கேட்டுக்கொள்வதைக் காண்பீர்கள். அப்போது நீங்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பத்துப் பதினோரு வயதில் நீங்கள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பாராட்டும்போது கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்ததைச் சொல்லுங்கள். “பிரமாதம்”, “நீ பெரிய மேதை” என்பதில் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. “நேற்று அந்தக் கட்டைவிரல் நுழையும் இடத்தில் நின்றாய், இன்று நிற்கவில்லை” என்றால், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு, முயற்சிக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகளைவிட விரைவில் தளர்ந்தார்கள். மேதை என்று பெயர் வாங்கியவளுக்கு ஒவ்வொரு தவறும் அந்தப் பெயரைப் பறிக்க வருவது போல இருக்கும். நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவது ஒரு மாதத்துக்குச் சரி, பழக்கம் வேர்விட உதவும். காசு கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். தண்டனையாகப் பியானோவில் உட்கார வைப்பதையும், தண்டனையாகப் பியானோவைப் பூட்டுவதையும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998) வகுத்த முறையில், பிள்ளைக்கு முன்னால் பெற்றோர் சிறிது வாசிக்கக் கற்றுக்கொள்வார்கள், வகுப்பிலும் கூடவே இருப்பார்கள். அந்த முறையைப் பின்பற்றாத நானும் இந்த ஒன்றை எல்லாப் பெற்றோரிடமும் கேட்பதுண்டு. உங்கள் மகளின் முதல் புத்தகத்திலுள்ள முதல் மூன்று பாடல்களை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். யாரிடம்? அவளிடமே. வாரம் ஒரு நாள் அவள் ஆசிரியர், நீங்கள் மாணவர். “அம்மா, விரலை வளைத்து வையுங்கள்” என்று அவள் சொல்லும்போது, தான் கற்றதை அவள் வாய்வழியே மறுபடி கற்கிறாள். உங்கள் நான்காவது விரல் தனியாக எழ மறுக்கும்போது, அது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கும் புரியும். அதற்குப் பிறகு “இவ்வளவு சின்ன விஷயம் வரவில்லையா” என்று உங்கள் வாயில் வராது.

சில எச்சரிக்கைகள். ஒவ்வொரு சுரத்தின் கீழும் அதன் எழுத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளை எழுத்தைப் படிக்கும், சுரத்தைப் பார்க்காது. ஓராண்டு கழித்துக் கோடுகளைப் படிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் பலர் இப்படி உதவப்பட்டவர்கள்தான். வரிக்கு ஒரு சுரத்தை மட்டும் அடையாளமிட்டு, மற்றவற்றை அதிலிருந்து எண்ணிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது பியானோவில் எந்த நிலையிலும் தேவையில்லை. தேர்வுக்காக ஓராண்டு முழுவதும் மூன்றே பாடல்களைத் தேய்த்துக்கொண்டிருக்கவும் விடாதீர்கள். கிரேடு தேர்வுகள் நல்ல படிக்கட்டுகள், ஆனால் மூன்று பாடல்களை மட்டும் உண்டு ஒரு பிள்ளையின் இசை வளராது. ஏற்கெனவே நன்றாக வரும் பழைய பாடல் ஒன்றைத் தினமும் கடைசியில் வாசிக்கச் சொல்லுங்கள். அன்றைய பயிற்சி தடுக்கலோடு முடியாமல் பாட்டோடு முடியட்டும். அந்த ஒரு பாடலுக்கு யாராவது கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேளுங்கள்.

ஆசிரியரோடு பேசுங்கள். வகுப்பு முடிந்ததும் “எப்படி வாசிக்கிறாள்?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்ற பதிலே கிடைக்கும். “இந்த வாரம் எந்த இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும், எந்த வேகத்தில்?” என்று கேளுங்கள். அவர் பென்சிலால் குறித்துத் தருவார். வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். “மூன்று நாள் வாசிக்கவில்லை, வியாழக்கிழமை அழுதாள், இரண்டாவது வரியில் இடது கை வரவில்லை” என்ற ஒரு வரி எங்களுக்குப் பொன் போன்றது.

எப்போதாவது அவள் “எனக்குப் பியானோ வேண்டாம்” என்பாள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு முறையாவது சொல்கிறார்கள். இரண்டு கைகளும் வேறு வேறு வேலை செய்யத் தொடங்கும் கட்டத்தில் இது அதிகம் வரும். அதுவரை வாரம் ஒரு புதிய பாடல் முடித்தவளுக்குத் திடீரென்று ஒரு பாடலுக்கு மூன்று வாரம் ஆகும். தன் திறமை தீர்ந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்வாள். உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அழுத நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பாடம் அவளுக்கு மீறியதா, தாளைப் படிக்கச் சிரமப்படுகிறாளா, ஆசிரியரின் ஏதோ ஒரு சொல் சுட்டுவிட்டதா என்று விசாரியுங்கள். எளிய பாடல்களாக ஒரு மாதம் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள், நாங்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம். “இந்தப் புத்தகம் முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசுவோம்” என்று ஒரு கெடு வைத்து, அந்த நாளில் உண்மையாகவே உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் அவள் வேண்டாம் என்றால் அவள் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும், கருவியை உடனே விற்றுவிடாதீர்கள். பதினான்கு வயதில் தானாகத் திரும்பி வந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

விடுமுறையில் பியானோ இல்லாத இடத்துக்குப் போகும்போது என்ன செய்வது என்றும் பலர் கேட்பார்கள். தாளை எடுத்துப் போங்கள். மேசை விளிம்பில் விரல்களை வைத்து மனத்துக்குள் கேட்டபடியே வாசிக்கலாம், தாளத்தைத் தொடையில் தட்டலாம், மெட்டை வாய்விட்டுப் பாடலாம். வாசிக்கப்போகும் பாடலை வேறு யாராவது வாசித்த பதிவு கிடைத்தால் சேர்ந்து கேளுங்கள். இரண்டு வாரம் ஒன்றுமே செய்யாமல் போனாலும் பெரிய நட்டமில்லை. திரும்பி வந்த முதல் நாள் மட்டும், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், அவளுக்குப் பிடித்த பழைய பாடலிலிருந்து தொடங்குங்கள். விரல்கள் வழியைத் தேட ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் நீங்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.